நாற்பத்தாறாம் மனையில் முளைத்த வீடு

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீ குபேரலட்சுமி நகரின் நாற்பத்தாறாம் எண் மனையில் ஒரு வீடு முளைத்திருந்தது. முதலில் தெரிந்தது வாசற்படிதான். விதை போட்ட நான்காம் நாள் வேர்க்கடலை மண்ணைத் தூக்கிக்கொண்டு வருமே, அப்படி ஓரமெல்லாம் ஈர மண் உதிர உதிர மேலே வந்திருந்தது. அதைப் பார்த்த அப்பா, "எவனோ பழைய கல்லைக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றார். அடுத்த ஞாயிறு போனபோது வாசற்படியின் இரண்டு முனையிலும் நிலைக்கால்கள் நாலு விரல் உயரம் எழும்பியிருந்தன, சுவர்கள் கிளம்பி மண்ணில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டதுபோல் அறைகள் பிரிந்திருந்தன. அப்பா கிட்டே போய்ச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த எங்கள் மனைக்கு வந்து, அதே காலால் எங்கள் மண்ணையும் ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் மண் சும்மா கிடந்தது.

எங்களுடையது நாற்பத்தைந்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அறுபது மாதத் தவணையில் மனை, கடைசித் தவணையோடு பத்திரப் பதிவும் ஒரு கிராம் தங்கக் காசும் இலவசம் என்று சொல்லி, சர்க்கரை ஆலை வாசலிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பந்தல் போட்டுப் பிரியாணி கொடுத்து, கருவேல முள்ளுக்கு நடுவே நட்டிருந்த கற்களைக் காட்டினார்கள். அன்றைக்கு வாங்கியவர்கள் யாரும் வீடு கட்டவில்லை. கட்ட வழி வரும்வரை மனையைப் பார்த்துவிட்டு வருவது என்று ஒரு வழக்கம் எங்களுக்குள் உண்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிபன் பாக்ஸும் அரிவாளும் பெயிண்ட் டப்பாவுமாகப் போய், முள்ளை வெட்டி, கல் நகர்ந்திருக்கிறதா என்று காலால் அளந்து, மங்கிய எண்ணுக்கு மேல் புது எண் எழுதி, சதுர அடி இப்போது என்ன போகிறது என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, வயது ஆன பிறகு எங்கே படுப்போம் என்ற கவலையை அந்த வாரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு வருவோம்.

அப்பா கலியமூர்த்தி ஆலையில் கரும்பு எடைமேடையில் வேலை பார்த்தார். ஆறடி மூன்று அங்குல உயரம். ஆலைக் குடியிருப்பில் எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டின் நிலை ஐந்தே முக்கால் அடி, அதனால் முப்பது வருஷமாக வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் குனிந்து குனிந்து, வெளியிலும் அப்படியே நடக்கப் பழகிவிட்டார். அடுத்த ஜூன் முப்பதோடு அவருக்கு ஓய்வு. ஜூலை முடிவதற்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். வைப்பு நிதியில் சேர்ந்த பணத்தில் மனையில் ஒரு வீடு என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தப் பணத்தில் பாதியை நான் பி.ஏ. புவியியல் படிக்கும்போதே முன்பணமாக எடுத்தாகிவிட்டது. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என் பட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீட்டின் பாதிச் சுவர் அங்கே தொங்குவதுபோல் இருக்கும்.

நாற்பத்தாறு அஞ்சலாட்சி அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், தனிக்கட்டை, அப்பாவை "அண்ணே" என்று கூப்பிடுவார், நான் அத்தை என்பேன். நாலடி ஏழங்குலம் இருப்பார். நாங்கள் மனைக்குப் போய் நின்றுகொண்டே பார்த்துவிட்டு வருவோம், அவர் மட்டும் சோறு கட்டிக்கொண்டு வந்து, நடு மனையில் துண்டை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு, கையைத் தலைக்குக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்து, வெயில் தாழும்வரை தூங்கிவிட்டுப் போவார். வீடு முளைத்ததற்கு அவர் வெட்கப்பட்டார். வெள்ளைச் சட்டையில் யாரோ மை கொட்டியதுபோல அதன் முன்னால் நின்றுகொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலைங்கண்ணே, கை கழுவின தண்ணியக்கூட அந்தப் பக்கம்தான் ஊத்துவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. வீடு வாரத்துக்கு நாலு விரல் வளர்ந்தது. கொத்தனார் வேதமாணிக்கம் வந்து சுவரைக் கரண்டியால் தட்டி, "செங்கல் இல்ல, கலவை இல்ல, சித்தாள் இல்ல, இதெல்லாம் ஒரு வீடா, நாளைக்கே உக்காந்துடும்" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறு வாரம் தானாகவே வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் தாங்கி வா, ம்ம், போதும் போதும்" என்று வீட்டுக்கு வேலை சொல்ல ஆரம்பித்தார், அதற்குக் கூலியும் கேட்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, கட்டினால்தான் அனுமதி வேண்டும், முளைத்ததற்கு விதி இல்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். மனைத் தரகர்கள் புதிதாக நோட்டீஸ் அடித்தார்கள்: வீடு விளையும் பூமி, முந்துங்கள். சதுர அடிக்கு இருநூறு ரூபாய் ஏறியது. மளிகைக் கடை பிச்சாண்டி, நாற்பத்தொன்றாம் மனைக்காரர், சாலை முனையில் இருந்த தன் மனையில் ஒரு பழைய ஜன்னலைப் புதைத்து யூரியா போட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் புதைத்தார்கள். ஒருவர் செங்கல், ஒருவர் மொசைக் துண்டு, ஒருவர் மாடி வீட்டின் படம் போட்ட காலண்டர். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பிச்சாண்டிக்குக் கோரைப் புல் மட்டும் நன்றாக வந்தது.

எங்கள் வீட்டில் பொறாமை வந்து குடியேறியதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாய் வைப்பார், "அவளுக்கு இன்னிக்கு ஜன்னல் கம்பி வந்துடுச்சாம்" என்பார், தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா, "தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு ரெண்டு ரூம்பு" என்று மிக்ஸியைப் பார்த்துக் கேட்பார். எனக்கு அது வேறு விதமாக வந்தது. நான் இ-சேவை மையத்தில் ஒன்பதாயிரம் சம்பளத்தில் பிறருடைய பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மனுவிலும் யாரோ ஒருவருக்கு எங்கேயோ ஒரு இடம் இருந்தது. ஞாயிறு மனைக்குப் போனால், நான் எங்கள் மண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். சுவர் தானே பூசிக்கொண்டு, தானே வெள்ளையடித்துக்கொண்டு, அலமாரிக்குக் குழி விட்டு, விளக்குக்கு மாடம் விட்டு வளர்வதைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருக்கும். ஒரு தடவை யாரும் பார்க்காதபோது அந்தச் சுவரை நகத்தால் கீறினேன். மறு ஞாயிறு அந்தக் கீறல் ஆறியிருந்தது.

தை மாதம் சமையல் மேடை வெளியே வந்தது. வேதமாணிக்கம் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டடி ரெண்டங்குலம்தான் இருக்குது, இது எந்த ஊர் அளவு, யாரு நின்னு சமைக்கிறது?" என்று கத்தினார். அத்தை போய் அதன் முன்னால் நின்றார். அவர் கைக்கு அது சரியாக இருந்தது. அதன் பிறகு எல்லோரும் கவனித்தார்கள்; படிகள் அரைப் படிகளாக இருந்தன, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடி முளைத்திருந்தது, முட்டி வலி வரப்போவது அவரை முந்திக்கொண்டு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல், ஒருக்களித்துப் படுத்தால் வாசல் தெரிகிற உயரத்தில் இருந்தது.

வைகாசியில் கூரை மூடிக்கொண்டது. அத்தை வீட்டு வரி போட மனுக் கொடுக்க எங்கள் மையத்துக்கு வந்தார்.

"நல்லா டைப் பண்ணு பாப்பா, நீ படிச்ச புள்ள, தப்பு வராது."

கட்டடத்தின் வகை என்ற இடத்தில் ஓடு, தளம், கூரை, இதர என்று நாலு இருந்தது. இதர என்று போட்டேன். மனை எண் நாற்பத்தாறு. மனைப் பிரிவின் வரைபடத்தை இணைக்கச் சொன்னது. அத்தையிடம் இருந்தது எங்களிடம் இருந்ததைப் போலவே மங்கிய நகல், அதனால் அங்கீகாரம் கொடுத்த அலுவலகத்தின் இணையதளத்திலிருந்து தெளிவான நகலை இறக்கினேன். எங்கள் நகலில் வலது மேல் மூலையில் விற்பனைக்காரரின் வட்ட முத்திரை இருக்கும். இதில் முத்திரை இல்லை. முத்திரை மறைத்திருந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது, வடக்கு என்று போட்டு, கீழ்நோக்கி.

எங்கள் வரிசையைத் திரையில் விரல் வைத்து எண்ணினேன். அந்த முதல் நாள், பிரியாணி சாப்பிட்ட நாள், கற்களில் எண் எழுதியிருக்கவில்லை. எண் எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் வரிசையில் பத்து மனை, முன்னும் பின்னும் ஒரே அகலத்தில் சாலை, எல்லாப் பக்கமும் ஒரே முள். பெரியவர்கள் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தபோது அப்பா அதை வாங்கி, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்தார். "எங்க சங்கவி இங்கிலீஷே படிப்பா." வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் வடக்கே பார்த்து நின்று, மேற்கு முனையிலிருந்து விரல் நீட்டி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். பத்துக் குடும்பம் என் விரலுக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாவோடு வந்தது. எண்ணியிருக்க வேண்டியது கிழக்கு முனையிலிருந்து. அப்படி எண்ணினால் வரிசையே தலைகீழாகும். பிச்சாண்டியின் முனை மனை கிழக்கே ஓடைப் பக்கம் போகும். நடுவில் இருக்கும் நாற்பத்தைந்தும் நாற்பத்தாறும் இடம் மாறும். பத்திரத்தின்படி அந்த வீடு முளைத்திருந்தது எங்கள் மனையில்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வந்தது. ஏழு மாதமாக நெஞ்சில் பிழிந்துகொண்டிருந்த துணிக்குச் சட்டப்படி ஒரு சான்று கிடைத்துவிட்டது.

"ஏன் பாப்பா, ஒரு மாதிரி ஆயிட்ட?"

"சர்வர் வேலை செய்யல அத்தை. அடுத்த வாரம் வாங்க."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பொய்யை நான் சொன்னதில்லை. உண்மையிலேயே சர்வர் வேலை செய்யாத நாட்களில்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சொல்வேன்.

சாயங்காலம் அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டி விரலால் எண்ணிக் காண்பித்தேன். அவர் இரண்டு தடவை எண்ணச் சொன்னார். பிறகு சோறு போடச் சொல்லி, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"அத்தை பாவம் இல்லையாப்பா?" என்றேன்.

"நாம பாவம் இல்லையா?" என்றார் அம்மா. "ஜூலைக்கு அப்புறம் சாமானை எங்க எறக்குறது, உன் சர்ட்டிபிகேட் மேலயா?"

வெள்ளிக்கிழமை காலை அத்தை பால் காய்ச்ச எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டு, வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே போய், பால் பொங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு. வரிசைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேதமாணிக்கம் தானே கட்டிய வீடுபோல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினார். தன் சொந்த வீட்டுக்குள் போகிறோம் என்ற நினைப்பில், முப்பது வருஷப் பழக்கத்தை மறந்து, குனியாமல் நுழைந்தார். தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ அண்ணே!" அத்தை ஓடி வந்து, அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, சமையல் மேடையிலிருந்து காப்பித் தூளை அள்ளி வந்து நெற்றியில் அப்பினார். "நீங்க குனியாம வருவீங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் ஒசந்துக்கச் சொல்லியிருப்பேனே இதை!"

"சொன்னா கேக்குமா?" என்றார் பிச்சாண்டி.

"யாருக்குத் தெரியும், கேட்டுப் பாத்ததில்ல."

அப்பா எழுந்தார். காப்பித் தூளோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையல் மேடை அவர் தொடையில் இடித்தது. குளியலறைக் கைப்பிடியைப் பிடிக்க மண்டியிட வேண்டியிருந்தது. சட்டை மாட்டும் ஆணி அவர் விலாவுக்கு நேராக இருந்தது. கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார்; கூரை அவர் தலைமயிரைத் தொட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார், கால்கள் அறைக்கு வெளியே போயின. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து, பையிலிருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீதான எண்ணின. நீயே சொல்லு."

பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன். அம்புக்குறி, முத்திரை, மேற்கு, கிழக்கு, என் விரல் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, "அப்ப பன்னெண்டு வருஷமா நான் உங்க மனையில உக்காந்தா சோறு தின்னேன்?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"எச்சில் இலையெல்லாம் என்னுதுல போடக் கூடாதுன்னு அந்தப் பக்கம் போட்டேனே, அதுதான் என்னுதா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "எனக்கு எப்பவும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சிண்ணே. எனக்குப் போயி யாரு வீடு குடுப்பாங்கன்னு."

அப்பா சாவியைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று. அம்மாவும் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பத்திரம் என் பேர்ல இருக்குது, அளவு உன் பேர்ல இருக்குது," என்றார். "இதுல நான் குடியிருந்தா தினம் ஒரு காப்பித் தூள் பாக்கெட் வாங்கணும். வெச்சுக்க. பெரிய மனசுன்னு நெனைக்காத, எனக்கு வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. பாலைக் குடு, சர்க்கரை ரெண்டு கரண்டி போடு."

பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. இருவர் தங்கள் சொத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது. அதை நானே தட்டச்சு செய்தேன். நாற்பத்தைந்து அத்தைக்கு, நாற்பத்தாறு அப்பாவுக்கு, வடக்கு எது என்று மூன்று தடவை சரிபார்த்தேன். மற்ற எட்டு மனைக்காரர்களில் ஆறு பேர் அதேபோல் மாற்றிக்கொண்டார்கள். சாலை முனையை விட மாட்டேன் என்ற பிச்சாண்டிக்கும், பத்திரப்படி அது தனக்குத்தான் என்ற ஓடை முனைக்காரருக்கும் நடக்கும் வழக்கு மட்டும் முடியவில்லை. பிச்சாண்டி கடைக்கு நான் போனால், "பன்னெண்டு வயசுல தப்பா எண்ணினது தப்பில்ல கண்ணு, இப்ப உன்னை யாரு அந்த மேப்பைப் பாக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு எனக்கு மட்டும் பழைய பூண்டாகப் பார்த்துப் போடுகிறார்.

ஜூலை கடைசியில் குடியிருப்பைக் காலி செய்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தோம். அந்த வாசல் நிலையிலும் அப்பா குனிந்துதான் நுழைகிறார். வந்த முதல் ஞாயிறு மனைக்குப் போனபோது அவர் அரிவாளை எடுக்கவில்லை, பெயிண்ட் டப்பாவை எடுக்கவில்லை. நடு மனைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் மல்லாந்து படுத்து, கைகளைப் பக்கத்தில் வைத்து, உள்ளங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

"ஊரே பாக்குது, எழுந்திருங்க" என்றார் அம்மா.

"அளவு எடுக்கட்டும்" என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல்.

அத்தை தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, முட்டி மடங்குது பாருங்க, நல்லா நீட்டுங்க, அப்புறம் குட்டை வீடா முளைச்சா என்னையச் சொல்லக் கூடாது!" என்று கத்தினார். அதற்கு அடுத்த ஞாயிறு குபேரலட்சுமி நகரில் எல்லா மனையிலும் யாராவது படுத்திருந்தார்கள். பிச்சாண்டி வழக்கில் இருக்கும் மனையின் இந்த முனையிலும், எதிராளி அந்த முனையிலும் படுத்திருந்தார்கள். வேதமாணிக்கம் டேப்போடு ஒவ்வொரு மனையாகப் போய்க் கால்களை நேராக்கிவிட்டார்.

என்னையும் அப்பா கூப்பிட்டார். நான் இது நடக்காது, இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போய் அவர் பக்கத்தில் படுத்தேன். மண் சுட்டது. தலையைத் திருப்பினால் அத்தையின் வெள்ளைச் சுவரும், அதில் புதிதாக முளைத்திருந்த ஒரு பூந்தொட்டி மாடமும் தெரிந்தன. நெஞ்சில் துணி பிழிந்தது. நான் ஐந்தடி ஒரு அங்குலம். நிலத்துக்கு அது தெரிய வேண்டாம் என்று, கைகளைத் தலைக்கு மேலே முடிந்தவரை நீட்டி, கால் விரல்களையும் நீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கிடந்தேன்.